கட்டுத்தரையில் நடந்தது சீஸில் தெரியும்

எங்கள் வீட்டு அப்பத்தா பாலை மூக்கால் பார்ப்பார். கறந்த போசியைப் பக்கத்தில் கொண்டு போனால் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். "வெங்காயத்தாளு தின்னுருக்குது கண்ணு, இதத் தனியா வை" என்பார். விசாரித்தால் பக்கத்துத் தோட்டத்தில் சின்ன வெங்காயம் அறுத்த இடத்தில் மாடு மேய்ந்திருக்கும். நான் பால்வளத் தொழில்நுட்பம் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கல்லூரியில் பாலின் வாடையைச் சோதிக்க ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்கள். அப்பத்தாவுக்கு எந்த முறையும் வேண்டியிருக்கவில்லை.

தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் எங்கள் தோட்டம். நாலு தலைமுறை ஒன்றாக இருக்கிறோம்: அப்பத்தா, மாமா, அத்தை, நானும் கணவரும், கொழுந்தனார் குடும்பம், மூன்று குழந்தைகள். அப்பத்தா காலத்தில் நாலு எருமை. வெண்ணெய் எடுத்து, நெய் உருக்கி விற்றிருக்கிறார். மாமா காலத்தில் கலப்பின மாடும் பால் கூட்டுறவு சொசைட்டியும் வந்தன. இப்போது கறவையில் 14 மாடு, நாளுக்கு 120 லிட்டர் சுமார். அதில் வாரம் இரண்டு நாள் 60 லிட்டரை எடுத்து சீஸ் செய்கிறோம். மற்றதெல்லாம் இன்னும் சொசைட்டிக்குத்தான் போகிறது.

சீஸ் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் புண்ணாக்கும் தவிடும் விலை ஏறிய வேகத்துக்கு அது ஈடு கொடுக்கவில்லை. பாலைப் பாலாகவே விற்றால் விலையை நிர்ணயிப்பது நாம் இல்லை. அதனால் படித்த படிப்பைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் முதிர வைக்கிற கௌடா வகை சீஸில் இறங்கினேன். மாமா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சொசைட்டிக்கு ஊத்துறது நிக்கக் கூடாது." அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றுகிறோம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கும் நான் அதையேதான் சொல்வேன். சீஸ் விற்காத மாதத்தில் தீவனக் கடைக்குப் பணம் கொடுத்தது அந்தப் பால்தான்.

செய்முறையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 32 டிகிரிக்கு ஆற்றி, கல்ச்சர் போடவேண்டும். கல்ச்சர் என்பது நம் உறைமோர் மாதிரிதான். பாலைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்கள். அப்புறம் பாலைத் தோய வைக்கிற ரென்னெட். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட்டுக்கு நம் நாட்டு விதிகளில் அனுமதி கிடையாது. ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுப்பதைத்தான் பயன்படுத்துகிறோம். முக்கால் மணி நேரத்தில் பால் தோய்ந்துவிடும். கத்தியைச் சாய்வாக விட்டுத் தூக்கினால் கட்டி சுத்தமாகப் பிளந்து, பிளவில் தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டும். அப்பத்தாவுக்குக் கத்தி வேண்டாம், சுண்டுவிரலே போதும். கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டி, மெதுவாகக் கிளறி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி 38 டிகிரிக்குக் கொண்டுவருவோம். இப்படிக் கழுவுவதால்தான் கௌடாவில் புளிப்பு குறைந்து இனிப்பு தங்குகிறது. பிறகு அச்சில் போட்டு அழுத்தி, ஒரு நாள் உப்புத்தண்ணீரில் ஊறவிட்டு, காயவைத்து, மெழுகு பூசி, 13 டிகிரி அறையில் குறைந்தது மூன்று மாதம். 60 லிட்டருக்கு மூணு மூணு கிலோவில் இரண்டு வட்டு கிடைக்கும்.

சில வட்டுகளில் சீரகம் சேர்ப்போம். இது நான் கண்டுபிடித்ததில்லை. நெதர்லாந்தில் லெய்டன் என்ற ஊரின் சீஸில் சீரகம் போடுவது பழைய வழக்கம். சீரகத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வடித்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அப்படியே போட்டால் அதிலிருக்கிற அழுக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போய்விடும். கோயம்புத்தூரிலிருந்து வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இதெல்லாம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வராதது வேறொன்று. சொசைட்டிக்கு ஊற்றிய பாலை அன்றைக்கே மறந்துவிடலாம். கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவு என்று சீட்டு வரும், கதை முடிந்தது. சீஸுக்கு வைத்த பால் மூன்று மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டுத்தரையில் யார் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதையெல்லாம் அது ஒருநாள் வெளியே கொண்டுவந்துவிடும். அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு பெரிய நஷ்டம் தேவைப்பட்டது.

முதலாவது, இரண்டாம் வருஷம் ஆவணியில். அன்றைக்குப் பால் ஒழுங்காகத் தோய்ந்தது, வெட்டினேன், அச்சில் போட்டேன். காலையில் பார்த்தால் வட்டு வட்டாகத்தான் இருந்தது. ஆனால் புளிப்பை அளக்கிற பி.எச். மீட்டரை வைத்தால் 6.2 காட்டியது. புளிக்கப் புளிக்க அந்த எண் இறங்கும், அந்த நேரத்துக்கு 5.3 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி சரிசெய்து வைத்தேன். அதே 6.2. ஒரு துண்டைக் கிள்ளி அப்பத்தாவிடம் கொடுத்தேன். நாக்கில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "புளிக்கவே இல்லையே கண்ணு. பச்சப்பாலாட்டவே இருக்குது. எந்த மாட்டுக்கோ ஊசி போட்டிருக்குதா?" என்று கேட்டார்.

நான் கட்டுத்தரைக்கு ஓடினேன். செவலைக்கு மூன்று நாளாக மடிநோய். மாமா டாக்டரைக் கூப்பிட்டு, வீங்கிய காம்பில் மருந்து ஏற்றியிருக்கிறார். அந்தக் காம்புப் பாலைக் கீழே பீச்சிவிட்டார். மற்ற மூன்று காம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பாலைக் கேனில் சேர்த்துவிட்டார். ஒரு காம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளுக்கும் வரும். அதனால் நாலு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. 40 வருஷமாக மாடு வைத்திருக்கிறவர்.

ரென்னெட்டுக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் சம்பந்தமில்லை, அதனால்தான் பால் தோய்ந்தது. கல்ச்சர் நுண்ணுயிர்கள்தான் செத்துப்போயின. புளிப்பு ஏறாத இடத்தில் வேண்டாத கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த வட்டு உப்பி, உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிட்டது. குழியில் போட்டு மூடினோம்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் பெரிய சங்கடம். சீஸ் அறையிலிருந்து நான் மாமாவைக் குற்றம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். எனக்கு வட்டு போனதைவிட அதுதான் வலித்தது. யோசித்துப் பார்த்தால் தப்பு என்னிடமும் இருந்தது. காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போகிறேனே ஒழிய, ஒரு நாளாவது கட்டுத்தரையில் நின்று "எல்லா மாடும் நல்லா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு மூன்று பழக்கம் கொண்டுவந்தோம், இன்றுவரை மாறவில்லை. ஊசியோ மருந்தோ பட்ட மாட்டின் கழுத்தில் அன்றைக்கே சிவப்புக் கயிறு ஏறும். அதை மாமா மட்டும்தான் அவிழ்ப்பார். மருந்துப் பெட்டியில் போட்டிருக்கிற நாள்கணக்கு முடிந்து இன்னும் ஒரு நாள் கழித்துத்தான் அவிழ்ப்பார். கயிறு இருக்கிறவரை அந்தப் பால் சீஸுக்கும் இல்லை, சொசைட்டிக்கும் இல்லை, வீட்டுக் காப்பிக்கும் இல்லை. சொசைட்டிக்குப் போகிற பாலையும் யாரோ ஒரு குழந்தைதானே குடிக்கிறது! இரண்டாவது, கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுவது. திரிதிரியாக ஏதாவது தெரிந்தால் அந்த மாட்டைக் கடைசியில் தனியாகக் கறப்போம். மூன்றாவது அப்பத்தாவின் சோதனை. சந்தேகமான பாலில் ஒரு டம்ளர், சந்தேகமில்லாத பாலில் ஒரு டம்ளர், இரண்டையும் காய்ச்சி ஆற்றி ஒரே அளவு உறை ஊற்றி ஒரே இடத்தில் வைக்கவேண்டும். நாலஞ்சு மணி நேரத்தில் ஒன்று தயிராகி மற்றொன்று பாலாகவே நின்றால், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடையில் சோதனைப் பட்டைகளும் கிடைக்கின்றன, வசதியிருந்தால் வாங்கலாம். எங்களுக்கு டம்ளரே போதுமாக இருக்கிறது.

மடிநோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை முறையை முதலில் செய்கிறோம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, பாலைச் சுத்தமாகப் பீச்சிவிட்டு மடி முழுக்கப் பூசவேண்டும். நாளுக்குப் பத்து தடவை, ஐந்து நாள். கை வலிக்கும் வேலைதான். அத்தையும் கொழுந்தனார் மனைவியும் முறைபோட்டுச் செய்வார்கள். காய்ச்சல் இருந்தால், மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால், தாமதிக்காமல் டாக்டர்தான்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. அந்த வருஷம் கோடையில் கிணறு இறங்கிவிட்டது, கோ 4 தீவனப்புல் காய ஆரம்பித்தது. கொழுந்தனார் மக்காச்சோள சைலேஜ் மூட்டை, அதாவது பச்சைத் தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்தது, வாங்கிப் போட்டார். மாடு விரும்பித் தின்றது, பாலும் கூடியது. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து வட்டுகளைத் திருப்பிவைக்கப் போனபோது, தட்டையாக இருக்க வேண்டிய மேல்பாகம் வீங்கியிருந்தது. விரலால் தட்டினேன். நன்றாக முற்றிய வட்டு தட்டினால் கெட்டியான சத்தம் கொடுக்கும். இது காலிக் குடம் மாதிரி சத்தம் போட்டது. ஒன்றை வெட்டினேன். நடுவில் பாளம் பாளமாக விரிசல், அறை முழுக்கக் கெட்ட வெண்ணெய் வாடை.

சைலேஜில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். மாட்டு வயிற்றில் அவை சாகாது. சாணி வழியாக மடிக்கு வந்து, மடியிலிருந்து பாலுக்கு வந்துவிடும். 63 டிகிரியிலும் சாகாது. உப்பு உள்ளே இறங்க வாரக்கணக்கில் ஆகிற கெட்டி சீஸில், அந்த இடைவெளியில் முளைத்து வாயுவைக் கிளப்பும். இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குப் பால் தருகிற மாடுகளுக்கு சைலேஜே போடக்கூடாது என்று விதி இருக்கிறது. இதைக் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் மூட்டை வந்து இறங்கியபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. 11 வட்டு போயிற்று. 330 லிட்டர் பால்.

சைலேஜை ஒரேயடியாக நிறுத்து என்று சொல்ல முடியாது. கோடையில் மாடு தின்றாக வேண்டும். கொழுந்தனாரும் நானும் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டோம். சீஸுக்குப் பால் தருகிற ஆறு மாட்டுக்குக் காய்ந்த சோளத்தட்டும் இருக்கிற பச்சையும், மற்றவற்றுக்கு சைலேஜ். சோளத்தட்டும் தீர்ந்துபோனால் அந்த மாதம் கௌடாவே கிடையாது. பன்னீரும், உப்புத்தண்ணீரில் போட்டுச் சில வாரத்தில் விற்றுவிடுகிற புது சீஸும்தான். அந்தக் கிருமி முளைக்க நேரம் கிடைக்கும் முன் சீஸ் சாப்பிட்டு முடிந்துவிடும். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மாட்டுக்கு ஒரு துணி என்று தனித்தனியாகத் துடைப்பதும் அன்றிலிருந்துதான். ஒரே துணியால் 14 மாட்டையும் துடைத்தால், ஒரு மாட்டின் அழுக்கு 14 மாட்டுக்கும் போய்விடும்.

கொங்கு வெயிலில் 13 டிகிரி அறை வைப்பது தனிப் பாடு. கொடைக்கானலில் பாதி வேலையைக் காற்றே செய்துகொடுக்கும். இங்கே சித்திரையில் வெளியே 38, 39. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குச் சுவரெல்லாம் காப்புப் பலகை அடித்து, ஒன்றரை டன் ஏசி மாட்டினோம். ஏசி 16 டிகிரிக்குக் கீழ் போகாது. அதன் சென்சாரை ஏமாற்றி இன்னும் கீழே இறக்குகிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கிடைக்கிறது, அதைச் சேர்த்தோம். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்குக் கணவர் கண்டுபிடித்த வழிதான் இந்த அறையிலேயே எனக்குப் பிடித்தது. 20 லிட்டர் தண்ணீர் கேன் பத்தை அறைக்குள் சுவரோரம் அடுக்கிவிட்டார். அந்த 200 லிட்டரும் 13 டிகிரிக்குக் குளிர்ந்து நிற்பதால், இரண்டு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் வட்டுகளுக்கு வேர்ப்பதில்லை. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பம்புசெட்டுக்குக் கொடுத்த விவசாய இணைப்பிலிருந்து இதற்கு வயர் இழுக்கக் கூடாது. தனி இணைப்பு வாங்கி, அந்தக் கட்டணத்தையும் சீஸ் விலையில் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் முதல் வட்டு விற்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

பிரிகிற தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 60 லிட்டரில் 54 லிட்டர் தண்ணீராகத்தான் திரும்பி வருகிறது. வாய்க்காலில் விட்டால் இரண்டாம் நாளே நாற்றம். மாட்டுக்குத் தவிட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொடுக்கிறோம். ஒரேயடியாக ஊற்றினால் வயிறு கெடும். மிச்சத்தை நிறையத் தண்ணீர் சேர்த்துத் தென்னைக்கு விடுகிறோம். அத்தை கம்மஞ்சோற்றுக்குக் கரைத்துக்கொள்வார், குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பணக் கணக்குதான் கூட்டுக் குடும்பத்தில் கடினமான இடம். ஆரம்பத்தில் வீட்டுப் பால்தானே, வீட்டு ஆட்கள்தானே என்று எதற்கும் விலை போடவில்லை. வருஷக் கடைசியில் பார்த்தால் லாபம் மாதிரி தெரிந்தது, ஆனால் எல்லோருக்கும் மனக்குறை. அத்தை காலை நாலு மணிக்கு எழுந்து பாத்திரம் கழுவியது எந்த நோட்டிலும் இல்லை. இப்போது சீஸ் அறை கட்டுத்தரையிடமிருந்து பாலைச் சொசைட்டி விலைக்கே வாங்குகிறது. சொசைட்டி மாதிரியே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாமா கையில் பணம் கொடுத்துவிடுவேன். அத்தைக்கும் கொழுந்தனார் மனைவிக்கும் நாள்கூலி, அவரவர் பேங்க் கணக்கில். வீட்டுப் பெண்களுக்குக் கூலியா என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். முதல் மாதப் பணத்தில் அத்தை தனக்கென்று ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கினார். அதுவரை தெர்மாமீட்டரைக் குத்துமதிப்பாகத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்படிக் கணக்குப் போட்ட பிறகுதான், அலமாரியில் எவ்வளவு பணம் தூங்குகிறது என்று தெரிந்தது. வாரம் 120 லிட்டர், 13 வாரத்துக்கு 1,560 லிட்டர். லிட்டர் 36 ரூபாய் என்று வைத்தாலே 56,000 ரூபாய்க்கு மேல். இது வெறும் பால் கிரயம். மூன்று மாதம் வரை ஒரு ரூபாய் திரும்பி வராது. இந்தத் தொகையைக் கடன் வாங்காமல் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் வாரத்துக்கு எத்தனை தடவை செய்வது என்று முடிவுசெய்ய வேண்டும். நாங்கள் முதலில் வாரம் நாலு தடவை செய்தோம். தாக்குப்பிடிக்க முடியாமல் இரண்டாகக் குறைத்தோம். அதற்குப் பிறகு சீஸும் நன்றாக வந்தது, நாங்களும் தூங்கினோம்.

கட்டுத்தரைத் தூணில் ஒரு நோட்டு தொங்குகிறது. எந்த மாட்டுக்கு என்ன தீவனம், எதற்கு சினை ஊசி, எதற்கு மருந்து, எது கன்று போட்டது, எந்தப் பால் சீஸுக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும். மாமா சொல்ல என் மூத்த மகள் எழுதுவாள். வட்டின் மெழுகிலும் அதே தேதியை அழுத்திவைப்போம். போன வாரம் எட்டு மாத வட்டு ஒன்றை வெட்டினோம். உள்ளே நல்ல மஞ்சள், உப்புப் படிகம் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தட்டுப்பட்டன. அப்பத்தாவுக்கு இப்போது பல் இல்லை. சின்னத் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "இது எந்த மாசத்துப் பாலு?" என்று கேட்டார். மாமா எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"மாசி மாசம், அம்மா. சோளத்தட்டு போட்டிருக்குது. செவலையும் கருப்பியும் கறந்தது."

"அதான்" என்றார் அப்பத்தா. இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.